பொம்மைக்கால் செய்த பாவம்

கிணத்துக்கடவில் அந்த மாதம் யார் காலிலும் செருப்பு இல்லை. எல்லாம் கல்யாண மண்டபத்து வாசலில் குவிந்து கிடந்தன. உள்ளே கல்யாணம் இல்லை. சாமியார் பாதானந்தர் இருந்தார்.

பொள்ளாச்சி ரோட்டில் ஒரு கிலோமீட்டருக்குக் கார்கள் நின்றன. இளநீர்க்காரர் இரண்டாவது கடை போட்டுவிட்டார். செருப்பு விடுவதற்கு ஒரு டோக்கன், உள்ளே போவதற்கு ஒரு டோக்கன். மதுக்கரையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் நொண்டிக்கொண்டு வந்தார்கள். வரும்போது ஒரு காலில் நொண்டியவர் போகும்போது மறு காலில் நொண்டினார் என்றால், பாவம் இடம் மாறியிருக்கிறது என்று விளக்கம் கிடைத்தது.

பாதானந்தரின் தத்துவம் எளிமையானது. பாவம் கனமானது. கனமான பொருள் கீழே இறங்கும். உடம்பிலேயே ஆகக் கீழே இருப்பது குதிகால். ஆகவே குதிகால் வலி என்பது வலியே அல்ல, தேங்கிய பாவம். பள்ளிக்கூடத்தில் அறிவியல் வகுப்பு முழுக்கத் தூங்கியவர்களுக்குக்கூட இது புரிந்தது. அவர்களுக்குத்தான் நன்றாகப் புரிந்தது.

பாவத்தை வெளியேற்றுவதற்கு ஒரு நீலப் பிளாஸ்டிக் டப். அதில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு கைப்பிடி மலை உப்பு, நடுவில் ஒரு பித்தளைத் தாமரை. தாமரையிலிருந்து ஒரு ஒயர் கிளம்பி ஒரு கறுப்புப் பெட்டிக்குப் போயிற்று. பெட்டியிலிருந்து இன்னொரு ஒயர் சுவருக்குப் போயிற்று. ஏழு ஜென்மத்துப் பாவம் இறங்க மூன்று பின் பிளக் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

இறங்குகிற பாவத்தின் மேல் கண் படக்கூடாதாம். அதனால் முழங்காலிலிருந்து டப் வரை மஞ்சள் துணி போர்த்திவிடுவார்கள். இருபது நிமிடம் கழித்துத் துணியை எடுத்தால், தெளிந்த தண்ணீர் டீக்கடை டிகாஷன் நிறத்தில் கிடக்கும். செம்மண் நிறம் என்றால் சொந்தப் பாவம். அடர் பழுப்பு என்றால் தாத்தா செய்தது. மேலே நுரை மிதந்தால் சம்பந்தி வீட்டாருடையது. நுரை எப்போதும் மிதந்தது. எல்லோருக்கும் அதில் ஒரு நிம்மதி.

கண்ணையா இங்கே வந்து சேர்ந்தது தன் இடது குதிகாலால்.

அறுபத்திரண்டு வயது. பீளமேட்டில் நாற்பது வருடம் பம்ப்செட் கம்பெனி நடத்தி, மகன் கையில் கொடுத்துவிட்டு, இப்போது முழுநேரமாகப் பேட்மிண்டன் ஆடுகிறவர். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடியில் குதிகாலுக்குள் ஆணி இறங்கியது. அதனால் பாத்ரூமுக்கு விரல் நுனியில் பூனை மாதிரி போனார். இரண்டாம் நாள் அவர் மனைவி பங்காரம்மா திருடன் என்று நினைத்துத் தலையணையால் அடித்துவிட்டார். நாலு அடி நடந்தால் வலி குறையும். ஆடி முடித்து உட்கார்ந்து எழுந்தால் மறுபடி ஆணி.

பிசியோதெரபி டாக்டர் சண்முகப்பிரியா காலை அழுத்திப் பார்த்தார். பாதத்தின் அடியில் ஓடும் பட்டை புண்பட்டிருக்கிறது என்றார். முப்பது வயதில் குதித்த மாதிரி அறுபதில் குதித்தால் இப்படித்தான் ஆகும். ஆறு வாரம் ஆட்டம் வேண்டாம், ஆடுசதையை இழுத்து நீட்டும் பயிற்சி செய்யுங்கள், தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்துப் பாதத்தின் கீழ் உருட்டுங்கள், இந்த ஐந்து வருடத்து ஷூவைத் தூக்கிப் போடுங்கள். அவ்வளவுதான் சொன்னார்.

கண்ணையாவுக்கு அவமானமாக இருந்தது.

"பாட்டில் உருட்டறதுக்கு ஒரு படிப்பா?" என்று வெளியே வந்து பங்காரம்மாவிடம் கேட்டார்.

ஆறு வாரம் அவரிடம் இல்லை. மூன்று வாரத்தில் மூத்தோர் இரட்டையர் இறுதி ஆட்டம். எதிரே ஈரோட்டு மஞ்சள் வியாபாரி செங்கோடனும் அவர் மைத்துனரும். மூன்று வருடமாக அவர்களிடம் தோல்வி. போன வருடம் கோப்பை வாங்கிய கையோடு செங்கோடன் ஒரு கிலோ மஞ்சள்தூளைக் கொடுத்து, அடி பட்ட இடத்தில் பூசிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். அந்த மஞ்சள் இன்னும் தீரவில்லை. குழம்பு வைக்கும்போதெல்லாம் கண்ணையாவுக்கு எரிந்தது.

ஆகவே கிணத்துக்கடவு.

முதல் நாள் டப்பில் காலை வைத்ததுமே சுகமாக இருந்தது. வெந்நீரில் கால் வைத்தால் யாருக்கும் சுகமாகத்தான் இருக்கும். பாதி நேரத்தில் கரண்ட் போய்விட்டது. துணியைத் தூக்கிப் பார்த்தால் தண்ணீர் ஆரம்பித்த நிறத்திலேயே நின்றது. எமகண்டம், பாவம் அசையாது என்று பாதானந்தர் மைக் இல்லாமல் அறிவித்தார். கால் மணி நேரத்தில் கரண்ட் வந்தது. அதே நொடியில் எமகண்டமும் முடிந்தது. ஆயுள் முழுக்க மோட்டார் செய்து விற்ற மனிதர் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் முறை போனபோது தண்ணீர் இன்னும் கறுத்தது. பாதானந்தர் அதை வெகுநேரம் பார்த்தார். கண்ணையாவின் பின்னால் ஒருவர் வெகுகாலமாக நிற்கிறார், அவர் நிழலை மிதிக்கிறார், அந்த ஆளை விலக்காமல் குதிகால் குணமாகாது என்றார்.

கண்ணையா திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறவர் ஒருவர்தான். இவர் வலையோரம், அவர் பின்கோடு. ஆட்டக் கூட்டாளி ரசாக்.

ரசாக்குக்கு ஒப்பணக்கார வீதியில் ரெடிமேட் கடை. நைட்டி, லெக்கின்ஸ், உள்பனியன். மறுநாள் காலை உள்ளரங்கில் ஆட்டம் முடிந்ததும் கண்ணையா சுற்றி வளைத்துப் பேசினார். பிறகு, இந்த வருடம் வேறு யாரையாவது சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். காரணத்தையும் சொன்னார். பொய் சொல்லியிருந்தால் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

ரசாக் ராக்கெட்டை உறையில் போட்டார். ஜிப்பை இழுத்தார். பாதியில் சிக்கியது. பிறகு நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.

"ஏனுங்ணா, இங்க ஆறு லைட்டு எரியுது. உங்களுக்கே ஆறு நிழலு உழுகுது. நான் மிதிச்சது எதுன்னு சாமி சொன்னாருங்களா?"

கண்ணையாவும் கூரையைப் பார்த்தார். லைட்டுகளை எண்ணினார்.

"எனக்கும் குதிகால் வலிதானுங்க. ஞாயித்துக்கெழம நானும் வாரேன். என்னையும் பாத்துச் சொல்லட்டும். நாந்தான் காரணம்னா நானே ஒதுங்கிக்கறனுங்க."

ரசாக்குக்குக் குதிகாலில் வலி எதுவும் இல்லை. இது கண்ணையாவுக்கும் தெரியும். மறுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் போனார்கள். பங்காரம்மா வந்தது சாமியை ஒரு தரம் பார்க்க. ரசாக் தோளில் பெரிய கிட் பேக். ராக்கெட்டை ஆசீர்வதிக்கக் கொண்டுவந்திருக்கிறார் என்று கண்ணையா நினைத்துக்கொண்டார்.

வரிசையாக இருபது நாற்காலி, இருபது டப். ரசாக் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். துணி போர்த்துகிற பெண் வந்தபோது, தானே போர்த்திக்கொள்வதாகச் சொல்லித் துணியை வாங்கிக்கொண்டார். பையை டப்புக்குப் பக்கத்தில் வைத்தார். துணிக்குள் கொஞ்சம் சலசலப்பு. பக்கத்தில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். மூலத்தொந்தரவு என்றார் ரசாக். அம்மாள் மறுபடி திரும்பவில்லை.

இருபது நிமிடம் கழித்துப் பாதானந்தர் வந்தார். வெள்ளைத் தாடி, வெள்ளிக் கொலுசு, காலர் மைக். துணியை லேசாக விலக்கி, தண்ணீரை மட்டும் பார்த்தார். டிகாஷன் தயாராக இருந்தது. நுரையும் இருந்தது.

"அப்பப்பா," என்றார் மைக்கில். "இந்தக் கால் நடக்காத நடையில்ல. மிதிக்காத நெழலு இல்ல. போன ஜென்மத்துல குதிரையா இருந்து எசமானனையே ஒதைச்ச காலு இது. எடது குதிகால்ல வலி உசுர எடுக்குமே?"

"ரெண்டுலயும் தேங்கியிருக்குங்களா சாமி?" என்று ரசாக் பணிவாகக் கேட்டார்.

"ரெண்டுலயுந்தான். தாத்தா பாவம் வலதுல நிக்குது."

"அப்ப நீங்களே புடிச்சுப் பாத்துருங்க சாமி."

ரசாக் குனிந்து, துணிக்குள்ளிருந்து ஒரு காலை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

தொடை வரை இருந்தது. வெள்ளை வெளேரென்று, தண்ணீர் சொட்டச் சொட்ட. லெக்கின்ஸ் மாட்டிக் கடை வாசலில் நிறுத்தும் பிளாஸ்டிக் கால். பாதானந்தர் அதைக் குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கிவிட்டார். கீழே போடவும் முடியவில்லை. அடுத்து தாத்தா பாவம் நின்ற வலது காலும் வந்தது. ரசாக்கின் சொந்தக் கால்கள் நாற்காலி மேல் சம்மணம் போட்டு, சொட்டு ஈரம் படாமல் இருந்தன.

"ரெண்டும் போன தீபாவளிக்கு வாங்குனதுங்க. இன்னும் ஒரு அடிகூட நடக்கலீங்க," என்றார் ரசாக்.

மண்டபம் சிரித்தது. பிறகு பயந்து நிறுத்திக்கொண்டது. பாதானந்தர் சாதாரண ஆளில்லை. பொம்மையானாலும் ரசாக் தொட்டதுதானே, கை வழியாகப் பாவம் பொம்மைக்கு இறங்கி, பொம்மையிலிருந்து தண்ணீருக்கு இறங்கியிருக்கிறது, இதுவே தீர்த்தத்தின் மகிமை என்றார். கூட்டத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முன்வரிசை அம்மாள் ஒருவர் எழுந்து வந்து பிளாஸ்டிக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கண்ணையா சிரிக்கவும் இல்லை, கும்பிடவும் இல்லை. டப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விரலை விட்டு அடியில் படிந்த சேற்றை எடுத்தார். கட்டைவிரலால் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

இந்த வாசனைக்காக நாற்பது வருடம் ஃபிட்டர்களைத் திட்டியவர் அவர். இந்த நிறத்தைக் காட்டி எத்தனையோ பேர் பம்பைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். இரும்பில் இருந்தால் துரு என்று அவருக்குத் தெரியும். காலடியில் இருந்ததால் பாவம் என்று நம்பிவிட்டார்.

எழுந்து காலியாக இருந்த ஒரு டப்புக்குப் போனார். வெறும் தண்ணீர் ஊற்றச் சொன்னார். உப்பைப் போடச் சொன்னார். தாமரையை இறக்கி, ஸ்விட்சைத் தானே தட்டினார்.

"எல்லாரும் நாலடி தள்ளி நில்லுங்க. யாரும் தொடாதீங்க," என்றார். "காலே வெக்கலீங்க சாமி. பாவமே இல்லாத தண்ணி தெளிவாத்தான இருக்கோணும்?"

பாதானந்தர் சங்கல்பம் இல்லாமல் தீர்த்தம் வேலை செய்யாது என்றார். அப்படியென்றால் நல்லதாகப் போயிற்று, வேலை செய்யாமல் இருக்கிறதா என்று பார்ப்போம் என்றார் கண்ணையா.

இருநூறு பேர் ஒரு டப் தண்ணீரைச் சும்மா நின்று பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் மஞ்சள் தட்டியது. பத்து நிமிடத்தில் செம்மண். கால் மணியில் டிகாஷன். கடைசியில் நுரையும் கட்டிவிட்டது. வராத சம்பந்திகளும் வந்து சேர்ந்தார்கள்.

"இது யாரு பாவமுங்க?" என்று பின்வரிசையில் ஒருவர் நிஜமாகவே சந்தேகம் கேட்டார்.

கண்ணையா ஸ்விட்சை அணைத்துத் தாமரையின் மூடியைத் திருகினார். உள்ளே இரண்டு இரும்புத் தகடு. உப்புத் தண்ணீரில் கரண்ட் பாய்ந்து பாதி அரித்துப் போயிருந்தன.

அப்போதுதான் பங்காரம்மா பாதானந்தருக்கு எதிரே போய் நின்றார். அவர் இதுவரை தண்ணீரையே பார்க்கவில்லை. தாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நீங்க நம்மூட்டுக்கு வந்திருக்கீங்கல்ல? நாலு வருசத்துக்கு முந்தி, தண்ணி ஃபில்டர் விக்க?"

பாதானந்தர் தாடியைத் தடவினார்.

"இதே மாதிரி கம்பிய என்ர டம்ளர்ல உட்டு, பாருங்கம்மா உங்க தண்ணி எத்தன அழுக்குன்னு காட்டுனீங்க. நானும் நம்பி வாங்கிப்போட்டேன். சிறுவாணித் தண்ணிங்க அது. சிறுவாணியவே அழுக்குன்னு சொன்ன ஆளா நீங்க?"

குதிகாலில் பாவம் என்றபோது கோயமுத்தூர்க்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள். ஊர்ப் பெருமையான சிறுவாணித் தண்ணீரைக் குறை சொன்னதை யாரும் பொறுக்கவில்லை. இருநூறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். மண்டபத்தில் பாதிப்பேர் வீட்டில் அந்த ஃபில்டர் இருந்தது.

பாதானந்தர் வாசலுக்கு ஓடினார். அங்கே செருப்பு மலை. அவருடையது எங்கேயோ அடியில். டோக்கன் கேட்டார்கள். அவரிடம் டோக்கன் இல்லை. மே மாதத்து மத்தியானம், கொதிக்கிற தார் ரோடு. குதிகால் கீழே படாமல், விரல் நுனியில், பூனை மாதிரி ஓடினார். இளநீர்க் கடை வரைதான் ஓட முடிந்தது. வரிசையில் நின்றவர்களே அவரை வரிசையாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள்.

திரும்பும் வழியில் காரில் பிளாஸ்டிக் கால் இரண்டும் கண்ணையாவுக்கும் ரசாக்குக்கும் நடுவில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தன. ஈச்சனாரி தாண்டியதும் கண்ணையா தொண்டையைக் கனைத்தார்.

"ரசாக், பைனலுக்கு நாமளே ஆடிர்லாங்களா?"

"ஆடக் கூடாதுங்ணா. டாக்டரம்மா ஆறு வாரம்னாங்கல்ல? பாட்டில உருட்டுங்க. அடுத்த வருசம் நான் பின்னாடிதான் நிப்பேன்."

செங்கோடன் அந்த வருடமும் ஜெயித்தார், ஆடாமலே. மஞ்சள் இன்னொரு கிலோ வந்தது. கண்ணையா தினமும் காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன் பாதத்தை நீட்டி மடக்கினார், பாட்டிலை உருட்டினார், புது ஷூ வாங்கினார். ஏழாவது வாரம் கோர்ட்டுக்குப் போனார். கொஞ்சம் வலி இருந்தது. அறுபத்திரண்டு வயதும் இருந்தது. இரண்டையும் ஒப்புக்கொண்டார். சர்வீஸ் எடுப்பதற்கு முன் ரசாக் அவருடைய ஆறு நிழலையும் ஒவ்வொன்றாக மிதித்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் பின்கோட்டுக்குப் போகிறார்.

மண்டபத்து வாசலில் புது பேனர் கட்டியிருக்கிறார்களாம். முழங்கை வலிக்கு யாரோ ஒரு கரானந்தர் வருகிறாராம். போவதானால் போங்கள். முதல் தடவை மட்டும், முழங்கையை வைக்காமல் அதே வேலையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். அப்படியும் நடந்து, அதற்குப் பிறகும் நம்பினால், வலிப்பது முழங்கை, வேலை நிறுத்தம் செய்வது அதற்கு மேலே இருக்கும் தலை.