பொட்டு வைத்த வண்டி

மகாமகக் குளத்தைத் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. வைத்தியலிங்கம் சார் இறங்கி, டேங்க் மூடியைத் திருகித் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். முக்கால் டேங்க் பெட்ரோல் இருந்தது. மூடியைப் போட்டு நாலு உதை விட்டார். கிளம்பியது. மூன்று கிலோமீட்டர் போய் மறுபடி நின்றது.

1956இல் பர்மிங்காமில் பிறந்த மோட்டார் சைக்கிள். சாரைவிட நாலு வயது மூத்தது. அவரே மாடிப்படி ஏறினால் பாதியில் நிற்கிறவர்தான் என்பதால், முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் பயமுறுத்தியது. குடவாசல் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் இயற்பியல் நடத்தியவர் அவர். தொண்ணூற்று நாலாம் வருஷத்து மாணவர்கள் அன்றைக்குப் பள்ளியில் கூடுகிறார்கள். "சார், உங்க வண்டியிலயே வாங்க. அந்த எண்ணெய் டின் பாடத்தை இன்னொரு தடவை நடத்துங்க" என்று வாட்ஸப்பில் கேட்டிருந்தார்கள்.

காற்றழுத்தத்தை விளக்க அவர் ஒரு எண்ணெய் டின்னை வைத்து நடத்திய பாடம் அது. அவருடைய சர்வீஸிலேயே மாணவர்கள் கைதட்டி முடித்த ஒரே பாடம். சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பதினெட்டு கிலோமீட்டர்தானே, பறந்து வருகிறேன்" என்று பதில் போட்டார். அதோடு விட்டாரா? வண்டியின் வரலாற்றையும் ஐந்து தவணையாக எழுதினார். நாகப்பட்டினத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் வாங்கியது, அதை அதிராம்பட்டினத்து வியாபாரி ஒருவர் எடுத்து நாற்பது வருஷம் ஓட்டியது, கடைசியில் அவருடைய மகன் ஹாஜாவிடமிருந்து இவர் கைக்கு வந்தது என்று எல்லாம் எழுதியவர், மூன்று கிலோமீட்டருக்கு ஒருதரம் நிற்பதை மட்டும் எழுதவில்லை.

மெக்கானிக் ரெங்கசாமி வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, டேங்க் மூடியைக் கழற்றி ஸ்டூலில் வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் என்ஜினை ஓடவிட்டார். கடிகாரம் மாதிரி ஓடியது.

"இதுல ஒரு குறையும் இல்ல சார்."

"ஓட்டிக்கிட்டுப் போனாத்தான் நிக்குது."

"அப்ப ஓட்டாம வச்சுக்குங்க."

சார் விடவில்லை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். வண்டி இரண்டரை கிலோமீட்டரில் நின்றது. பிளக்கை மாற்றினார்கள். இரண்டில் நின்றது. இன்னும் இரண்டு ரிப்பேர் செய்தால் வீட்டு வாசலைத் தாண்டாது என்று சாருக்கே தோன்றியது.

அவர் மனைவி பிரகதாம்பாளுக்கு ஆரம்பத்திலிருந்தே காரணம் தெரியும். "கண்ணு பட்டிருக்குங்க. ஊரெல்லாம் எழுதுனா படாம என்ன செய்யும்?" வண்டி வீட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமையே சந்தனம் குங்குமம் வைத்தவள் அவள். வண்டி நிற்க நிற்க, பொட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது.

சனிக்கிழமை சார் ஹாஜாவுக்கு போன் போட்டார்.

"எங்க வாப்பா நாப்பது வருஷம் ஓட்டுனாங்க சார். பட்டுக்கோட்டை, நாகூர்னு போகாத ஊரில்ல. ஒருநாள்கூட வழியில நின்னதில்ல. நீங்க புதுசா ஏதாவது பண்ணுனீங்களா?"

"நான் ஒண்ணுமே பண்ணலையே."

போனை வைத்ததும் பிரகதாம்பாள் சொன்னாள்: "பாத்தீங்களா? அவங்க வீட்டுல நிக்காத வண்டி நம்ம வீட்டுல நிக்குது. இது திருஷ்டியேதான்." சொல்லிவிட்டுச் சந்தனக் கல்லை எடுக்கப் போனாள்.

ஞாயிறு காலை ஹெட்லைட்டில் ஒன்று, டேங்க் மூடியின் நடுவில் ஒன்று என்று வழித்து வழித்து அப்பினாள். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். சார் நசுக்கிக்கொண்டு புறப்பட்டார்.

இரண்டாவது கிலோமீட்டரில் வண்டி நின்றது. பொட்டு கலைந்தால் வீட்டில் தனிப் பஞ்சாயத்து என்பதால், மூடியின் ஓரத்தை மட்டும் பிடித்துப் பக்குவமாகத் திருகி, பெட்ரோலைப் பார்த்து, மூடி, உதைத்தார். நாலாவது கிலோமீட்டரில் அதே கதை. எட்டாவதில், பாதி ரோட்டை அடைத்துக் காய்ந்துகொண்டிருந்த நெல்லுக்குப் பக்கத்தில் நின்றது.

"சார், கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க" என்றார் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தவர். "ஆயில் சொட்டுச்சுன்னா கொள்முதல்ல எடுக்க மாட்டாங்க. உங்க வண்டியா?"

"அப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்று சார் வியர்வையோடு தள்ளினார்.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர் பதினொன்றே காலுக்குப் பள்ளிக்கூடத் தெருவில் திரும்பினார். வாசலில் மாலையோடு கூட்டம் நின்றது. செல்போன்கள் உயர்ந்தன. சார் நெஞ்சை நிமிர்த்தினார். வண்டி நின்றது.

தொப்பையும் நரையுமாக ஆறேழு மாணவர்கள் ஓடிவந்து, சாரை மேலேயே உட்கார வைத்துப் பள்ளி வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் மாலையைப் போட்டார்கள். எல்லாம் வீடியோவில் பதிவானது. அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் வண்டியோடு இறங்கிவிடலாம் என்று இருந்தது சாருக்கு.

"மேக்னெட்டோவா இருக்கும் சார்" என்றான் ராஜராஜன். அந்த வருஷத்து முதல் மார்க். இப்போது சென்னையில் என்ஜினீயர்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்சம் வந்தாள். கடைவீதியில் செக்கெண்ணெய்க் கடை வைத்திருப்பவள். அப்பாவும் எண்ணெய் வியாபாரிதான். அதே வகுப்பில் படித்த அவள் இயற்பியலில் இரண்டு தடவை ஃபெயில். 'உனக்கு எதுக்கும்மா பிசிக்ஸ், போய் எண்ணெய் அளக்கிற வேலையைப் பாரு' என்று சாரே வகுப்பில் சொன்னது அவருக்கு இப்போது நினைவு வந்து சங்கடப்படுத்தியது.

"சார், நிக்கும்போதெல்லாம் மூடியைத் தொறந்து பாப்பீங்களா?"

"ஆமாம்மா. பெட்ரோல் இருக்கான்னு பாப்பேன்."

"பாத்தப்புறம் ஸ்டார்ட் ஆயிடும்?"

"ஆயிடும்."

அம்சம் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, மூடியின் நடுவில் காய்ந்து இறுகியிருந்த சந்தனத்தைக் குத்தினாள். உள்ளே ஒரு பொடி ஓட்டை இருந்தது. 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"காத்து உள்ள போனாத்தானே சார் பெட்ரோல் கீழ எறங்கும். இப்ப உதைங்க."

ஒரே உதையில் கிளம்பிய வண்டி, நிற்காமல் மைதானத்தை ஆறு சுற்று சுற்றியது. இறங்கும்போது சாருக்குக் கண் கலங்கியிருந்தது. வெட்கம் பாதி, சந்தோஷம் பாதி. ஆனாலும் வாத்தியார் அல்லவா, மாலையைச் சரிசெய்துகொண்டு மெல்லக் கேட்டார்:

"என் எண்ணெய் டின் பாடத்தை இத்தனை வருஷம் ஞாபகம் வச்சிருக்கியே அம்சம். காத்து உள்ள போக ரெண்டாவது ஓட்டை வேணும்னு அன்னிக்கு நான் சொன்னதுதானே?"

அம்சம் ஊக்கைத் துடைத்து வளையலில் மாட்டிக்கொண்டாள்.

"அன்னிக்கும் நீங்க ஒரு ஓட்டையப் போட்டுட்டு, எண்ணெய் வரலைன்னு டின்னைக் குலுக்கிக்கிட்டுத்தான் சார் நின்னீங்க. ரெண்டாவது ஓட்டைய நான்தான் எந்திரிச்சு வந்து போட்டேன். கிளாஸே கைதட்டுச்சு. அதை இன்னொரு தடவை பாக்கணும்னுதான் சார் உங்களைக் கூப்பிட்டாங்க."