பாலை மரத்தில ஒரு துடுப்பு

துடுப்புக்கு ஒரு மரம் வாங்கோணும். அண்டைக்கு எனக்கிருந்த வேலை அவ்வளவுதான்.

துடுப்பு மாமாட தோணிக்கு. மாமா எண்டா என்ட மனிசிட தகப்பன். தொழில் தையல். சுனாமிக்குப் பிறகு ஒரு நிறுவனம் வந்து ஆத்தோரத்தில இருந்த எல்லாருக்கும் தோணி குடுத்தது. "ஐயா, நான் டெய்லர்" எண்டு மாமா சொல்லியும் பாத்தாராம். "பேர் பதிஞ்சாச்சு, கொண்டு போங்க" எண்டுட்டாங்க.

நாட்டில சண்டை முடியுமட்டும் அந்தத் தோணி வளவுக்குள்ள கவிண்டு கிடந்தது. அதோட வந்த துடுப்பெல்லாம் மாமிட அடுப்புக்குள்ள போயித்து.

இப்ப மனிசிட தங்கச்சி, மச்சாள் ரதிக்கு மாப்பிள்ளை கேட்டுப் போகோணும். எங்கட பக்கம் பொண்ணு வீட்டாக்கள்தானே போய்க் கேக்குற. மாப்பிள்ளை வீடு ஆத்துக்கு அங்கால, வவுணதீவுப் பக்கம்.

"பாலம் இரிக்கிதே மாமா, ஆட்டோவில போவமே" எண்டன்.

"சண்டைக்குள்ள அந்தப் பாலத்தடியில ஆமிச் சோதனைக்கு வரிசையில நிண்டு நிண்டே என்ட கால் தேஞ்சித்து. இனி யாரும் மறிக்க ஏலாது. தோணியிலதான் போற!"

பொடியனும் ரதியும் முதலே விரும்பித்தாங்க. பெரியாக்கள் தலையாட்டினாச் சரி. ரதி என்னத் தனியக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அத்தான், உங்களக் கும்பிட்டன், இத மட்டும் கெடுத்துப்போடாதங்க."

துடுப்புக்கு மரம் எடுக்கிறதில என்னத்தக் கெடுக்கிற?

ஏறாவூரில மரம் விக்கிற ஒரு மரக்காலைக்குப் போனன். முதலாளி, ஒரு முஸ்லிம் காக்கா, கேட்டாரு, "என்னத்துக்கு மரம் தம்பி?"

என்னத்துக்கு எண்டு சொன்னா விலைய ஏத்துவாங்களாம். நான் ஆர்? வாயத் திறக்கல்ல. "நல்ல மரமாக் காட்டுங்க" எண்டன்.

அவர் ஒரு வெள்ளை மரத்தக் காட்டினாரு. தூக்கினன், பஞ்சு மாதிரி இருந்தது. சீ! இதெல்லாம் ஒரு மரமா? அடுத்தத விரலால தட்டிப் பாத்தன். தேங்காய் வாங்குற ஆள்தானே நான், மரத்தையும் அப்பிடித்தான் வாங்கினன்.

"இரிக்கிறதுக்குள்ள பெலமானது எது காக்கா?"

"அப்ப பாலைதான். இரும்பு தம்பி! பேரப்பிள்ளைக்கும் கிடக்கும்."

ரெண்டு பேர் தூக்கி ஆட்டோவில ஏத்தினாங்க. அப்பவாவது எனக்கு மூளை வேலை செஞ்சிருக்கோணும்.

தச்சு வேலை செய்யிற ஓடாவியார் சீவத் தொடங்கினாரு. கொஞ்சத்தில சீவுளி மழுங்கித்து. தீட்டினாரு. மறுகாவும் மழுங்கித்து. "என்ன தம்பி இது, உலக்கையா?" எண்டாரு.

"துடுப்பு."

"துடுப்பா! கனக்குமே?"

"கனத்தாத்தானே பெலம்!" எண்டன். அந்த மனிசன் என்னையும் மரத்தையும் மாறி மாறிப் பாத்தித்து, மறுகாவும் சீவுளியத் தீட்டினாரு.

மாமா துடுப்பத் தூக்கிப் பாத்தாரு. முகமெல்லாம் சந்தோசம். "சாமான் எண்டா இதுதான் சாமான்!" எண்டாரு. டெய்லர்தானே.

நல்ல நேரம் பாத்து வெளிக்கிட்டம். மாமி, மாமா, நான், தாம்பாளம், வாழைக்குலை, கொழுக்கட்டைப் பெட்டி. துடுப்பு வலிக்கிறது நான்தான். நடு ஆத்துக்கு வரக்குள்ளயே தோள் ரெண்டும் கழண்டு போயித்து. அக்கரையில மாப்பிள்ளை வீட்டாக்கள் நிண்டு பாக்காங்க. கெத்தா ஒரு வலி வலிப்பம் எண்டு எழும்பினன்.

கை வழுக்கித்து. தொபுக்!

"பரவால்ல, மரம் மிதக்கும்தானே" எண்டாரு மாமா.

மூண்டு பேரும் அந்த இடத்தையே பாத்துக்கொண்டிருந்தம். ரெண்டு குமிழி வந்தது. மறுகா அதுவும் வரல்ல.

"எப்ப அது மேல வரும்?" எண்டு கேட்டா மாமி.

எனக்கு அழுகை வராத குறை. துடுப்புத் தாண்டு போயித்து! உலகத்தில எவன்ட துடுப்பாவது தாழுமா?

காத்து எங்கள வந்த வழிக்கே தள்ளுது. உதவிக்கு வாங்க எண்டு நான் கையக் காட்டினன். மரியாதையான சனம், அவங்களும் சந்தோசமாக் கையக் காட்டினாங்க. மாமா தாம்பாளத்தால தண்ணியத் தள்ளினாரு. மாமி கொழுக்கட்டைப் பெட்டி மூடியால தள்ளினா. தோணி நிண்ட இடத்திலயே வட்டம் சுத்திச்சு.

"நல்ல நேரம் முடியப்போகுது! என்ட புள்ளைட வாழ்க்கைய நடு ஆத்தில வெச்சித்தீங்களே!" மாமி கத்தினது அக்கரைக்கும் கேட்டிருக்கும்.

கடைசியா மாப்பிள்ளைப் பொடியனே தோணி எடுத்து வந்து கயிறு போட்டு எங்கள இழுத்தான். நாங்க மாப்பிள்ளை கேக்கப் போறம், மாப்பிள்ளை எங்களக் கட்டி இழுத்துப் போறான்!

"துடுப்பு என்ன மரம் அண்ணன்?"

"பாலை."

கொஞ்ச நேரம் அவன் திரும்பிப் பாக்கல்ல. தோள் மட்டும் குலுங்குது. "பாலையில வீட்டு நிலை போடுவாங்க அண்ணன்" எண்டான்.

நல்ல நேரம் முடியிறதுக்குள்ள கரையேறிட்டம். கொழுக்கட்டை நனைஞ்சித்து, வாழைக்குலை பரவால்ல. மாப்பிள்ளைட தகப்பன் எல்லாத்தையும் கேட்டித்து, தொண்டையச் செருமினாரு.

"எங்களுக்குப் பூரண சம்மதம். முறைப்படி வீடு நீங்கதான் கட்டிக் குடுப்பீங்க, அதில ஒண்டும் கேக்க மாட்டம். ஒரே ஒரு நிபந்தனை."

ரதிட முகம் கண்ணுக்குள்ள நிண்டது.

"வீட்டுக்கு மரம் எடுக்க உங்கட மூத்த மருமகன மட்டும் அனுப்பக் கூடாது."

"அத நீங்க சொல்லவும் வேணுமா!" எண்டாங்க மாமாவும் மாமியும் ஒரே குரலில.

இவ்வளவு ஒத்துமையான சம்மந்தத்த நான் இண்டைவரைக்கும் வேற எங்கயும் காணல்ல.