சாமந்தி விளைந்த மொட்டை மாடி

பி.எச்டி. முடித்தவர்கள் எல்லாம் அறிவாளிகள் என்று நம்பும் அப்பாவிகளுக்காக இதை எழுதுகிறேன். (முடிக்கிறதுக்குள்ள நாக்கு தள்ளிடும். அறிவு எங்கேர்ந்து மிஞ்சும்?)

என் ஆராய்ச்சி மகரந்தம். காற்றிலிருந்து விழும் மகரந்தத்தை வைத்தே சுற்றுவட்டாரத்தில் என்ன மரம், என்ன செடி என்று ஓரளவு சொல்லிவிடலாம். கடலோரச் சவுக்கின் மகரந்தம் ஊருக்குள் எவ்வளவு தூரம் வருகிறது என்பது என் கேள்வி. எண்ணூரில் ஒரு பெட்டி, திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு பெட்டி. மேலே வலை, உள்ளே வாஸ்லின் தடவிய கண்ணாடித் துண்டு. வாராவாரம் ராத்திரியில் அதை மாற்றி மாற்றியே ஒரு வருஷம் ஓடிப்போனது.

எண்ணூர்க் கண்ணாடியில் ஒழுங்காகச் சவுக்கும் அலையாத்தியும். வீட்டுக் கண்ணாடியில் சாமந்தி. எந்த மாசம் பார்த்தாலும் சாமந்தி! அது பூச்சியோடு போகிற மகரந்தம், காற்றில் அவ்வளவாகப் பறக்காது. தெரிந்தும், ஆவடிப் பக்கம் யார் கண்ணிலும் படாத பெரிய சாமந்தித் தோட்டம் இருக்கிறது என்று கொள்கையே கட்டிவிட்டேன். பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி ஸ்கூட்டியில் நாயாய் அலைந்தும் தோட்டம் கிடைக்கவில்லை. போன வருஷம் இருந்திருக்கும், பிளாட் போட்டிருப்பார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

என் கைடு நம்பவில்லை. "பெட்டியைப் பாத்துட்டுதாம்மா தீசிஸ் குடுக்கலாமா வேணாமான்னு சொல்வேன்" என்று ஒரு காலையில் வீட்டுக்கே வந்துவிட்டார். மாடிக்குக் கூட்டிப்போனேன்.

மாடியில் அம்மா. பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, வலைமேல் சாமந்தியை உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார். பொட்டி வெச்ச வாரமே ஆயுத பூஜ, அன்னிக்கு ஆரம்பிச்சேன். கொயந்த டாக்டராவுற வரைக்கும் உடக்கூடாதுன்னு தெனம் வெச்சிகினு கீறேன். சாயங்காலம் வாடுனதும் எடுத்துருவேன், குப்ப சேராது."

(பொட்டை நானும் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜுக்கே பொட்டு உண்டு, யார் கவனித்தார்கள்?)

சார் என்னைப் பார்த்தார். "தோட்டம் கிடைச்சிடுச்சும்மா."

காபி குடித்துவிட்டு, முதலிலிருந்து இன்னொரு வருஷம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கத்தினேன். "உனக்காகத்தானடி வெச்சேன்" என்று அம்மா அழ, நானும் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் பெட்டியை எதிர்வீட்டுச் செல்வராணி அக்கா மாடிக்கு மாற்றினேன். அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், பெட்டிக்குப் பூ வைக்க மாட்டார்கள்.

பட்டம் ஒருவழியாய் வந்தது. எல்லாம் முதல் வருஷம் வைத்த பூவின் பலன் என்கிறாள் அம்மா. வீட்டில் சாவி தொலைந்தால்கூடத் தம்பி, "தோட்டம் தேடுன டாக்டரக் கூப்பிடு" என்கிறான்.

போன வாரம் ஏதோ சந்தேகம் வந்து, பூஜை அலமாரியிலிருந்து (வேறெங்கே இருக்கும்?) என் தீசிஸை எடுத்துப் பிரித்தேன். சவுக்கு அத்தியாயம் முழுக்க மஞ்சள் தூளும் காய்ந்த சாமந்தியும். தட்டிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வந்தால் அம்மா மறுபடி வைப்பாள். வைத்துக்கொள்ளட்டும், எனக்கு அலுத்துவிட்டது.