சினைப்பசு ஒன்றா, இரண்டா?

கிழக்கேயிருந்து வரும் ஒரு மழைத்துளி எங்கள் எல்லைச் சாவடியைத் தாண்டி மேற்கே விழ வேண்டுமானால், அதுகூட குமாஸ்தா மூணுகாப்பியிடம் தாள் காட்டிவிட்டுத்தான் விழ வேண்டும். நான் மிகைப்படுத்தவில்லை. ஓர் ஐப்பசியில் மதராஸ் பக்கம் மழை கொட்டியது. எங்கள் பக்கம் ஒரு சொட்டு விழவில்லை. "மேகத்தை நிறுத்தி வெச்சுப்போட்டாருங்கோ" என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள்.

மாநிலம் பிரிந்து எங்கள் ஊர் கேரளத்தில் சேர்ந்த புதிது. கோவிந்தாபுரத்துக்குத் தெற்கே, எங்கள் வண்டித்தடத்தின் குறுக்கே, ஒரு நாள் மூங்கில் ஒன்று முளைத்தது. மூங்கிலுக்குப் பக்கத்தில் ஓர் ஓலைக் கொட்டகை, கொட்டகைக்குள் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் பாலக்காட்டு டவுனிலிருந்து வந்த ஒரு குமாஸ்தா. நேற்றுவரை பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்வந்தவர்கள் எல்லாம் இன்று இறக்குமதியாளர்கள் ஆகிவிட்டார்கள்.

முதலில் மாட்டியவர் வண்டிக்கார ராசண்ணன். தக்காளிக் கூடைகளோடு வந்தவரிடம் குமாஸ்தா சொன்னார்:

"மூணு காப்பி வேணும். இல்லாட்டா வண்டி நகரப்படாது."

ராசண்ணன் எதிரிலிருந்த ராவுத்தர் கடைக்கு ஓடி, மூன்று கிளாஸ் காப்பி வாங்கிவந்து மேசைமேல் வைத்தார்.

வேறொரு குமாஸ்தா சிரித்திருப்பார், அல்லது கத்தியிருப்பார். இவர் ஒரு கிளாஸைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, "இது ஆபீஸுக்கு" என்றார். இரண்டாவதை ராசண்ணனிடம் நீட்டி, "இது பார்ட்டிக்கு" என்றார். மூன்றாவதை அலமாரியில் ஏற்றினார். "இது ஹெட் ஆபீஸுக்காக்கும்." அது எறும்பு மொய்த்து, ஆடை கட்டி, ஒரு வாரம் அங்கேயே இருந்தது. பெயரும் நிலைத்துவிட்டது.

எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. பள்ளி இறுதித் தேர்வில் தேறி, ஆசிரியப் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தேன். வண்டிக்காரர்கள் தாள் எழுத என்னைத்தான் தேடி வந்தார்கள். எனக்கு அதில் கர்வம் உண்டு, இப்போதும் உண்டு. சாவடிப் பலகையில் 'சரக்கை மறப்பது குற்றம்' என்று எழுதியிருந்தது. "மறைப்பதுன்னு இருக்கோணுமுங்க" என்று நான் சுட்டிக்காட்டினேன். மூணுகாப்பி பலகையை வெகுநேரம் பார்த்தார்.

"மறக்கறதும் குத்தந்தான். இருக்கட்டும்."

அன்றுமுதல் நான் அவருக்கு ரைட்டரம்மா.

பிறகு மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. எல்லையோர ஜனங்களின் சிரமத்தைக் குறைப்பதற்காக, சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவரும் எதற்கும் இனி வரியும் வேண்டாம், தாளும் வேண்டாம். ஊரே மகிழ்ந்தது. மூணுகாப்பி எல்லாரையும்விட மகிழ்ந்தார்.

"தாள் வேண்டாம்னு ஆயாச்சு. ஆனா உனக்குத் தாள் வேண்டாங்கறது நேக்கு எப்படித் தெரியும்? அதுக்கு ஒரு தாள் எழுதிக் குடு. மூணு காப்பி."

பழைய தாள் ஒரு பக்கம். வேண்டாம் என்பதற்கான தாள் இரண்டு பக்கம்.

அந்த வாரம்தான் அப்பா பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து ஒரு சினைப்பசு பிடித்துவந்தார். அது ஈன்று, பால் ஊற்றி, அந்த வரும்படியில் நான் பயிற்சிப் பள்ளியில் படிக்க வேண்டும் என்பது வீட்டுத் திட்டம். நான் தாளோடு சாவடியில் காத்திருந்தேன். 'பசு – ஒன்று. சொந்த உபயோகம்.' அச்சடித்ததுபோல் எழுதியிருந்தேன்.

மூங்கில் உயர்ந்தது. அதன் நேர்கீழே மூணுகாப்பி தம் கையால் போட்ட சுண்ணாம்புக் கோடு இருந்தது. அதுதான் எங்களுக்கு எல்லை. பசு முன்னங்கால்களைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்த நொடியில் குரல் வந்தது.

"நிறுத்து! ரைட்டரம்மா, ஒண்ணுன்னு எழுதியிருக்கே. சினைப்பசு ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணுதானுங்க. கண்ணுக்குத் தெரியறது ஒண்ணுதானுங்களே."

"கண்ணுக்குத் தெரியறதை மட்டும் எண்ணினா, சாக்குக்குள்ளே இருக்கறதெல்லாம் தப்பிச்சுண்டு போயிடும்."

"பசு சாக்குங்களா?"

"ரெண்டுன்னு திருத்து."

"பொறக்காததை எப்படிங்க எண்ணறது? காளையா கிடேரியான்னு ஹெட் ஆபீஸ்ல கேட்டா என்னன்னு எழுதட்டும்?"

அவர் திகைத்துப்போய் விதிப் புத்தகத்தை எடுத்தார். அப்பா கயிற்றைப் பிடித்தபடி கெஞ்சினார்.

"சாமி, மாடு கால் மாத்துதுங்க. வலி கண்டுருச்சாட்ட இருக்குதுங்க. உட்டுடுங்க சாமி."

"முன்னங்கால் கேரளம், பின்னங்கால் மதராஸ். தீர்மானம் ஆகறவரைக்கும் அசையப்படாது!"

பசு அசையவில்லை. கோட்டின் குறுக்கே படுத்துவிட்டது.

"இன்னங் கொஞ்ச நேரத்துல ஒண்ணா ரெண்டான்னு அதே சொல்லிப்போடுமுங்க சாமி!" என்று பின்னால் வண்டியில் இருந்த ராசண்ணன் கத்தினார். வரிசையே சிரித்தது.

மூணுகாப்பி சிரிக்கவில்லை. புத்தகத்தில் ஒரு பக்கத்தில் விரல் நின்றிருந்தது. அவர் குரல் இறங்கியது. "அந்தப் பக்கம் பொறந்த கன்னுன்னா அதுக்குத் தனி சர்ட்டிபிகேட் வேணும். இல்லேன்னா பொறந்த ஊருக்கே திருப்பி அனுப்பணுமாம்."

"கன்னைப் பிரிச்சா மாடு பால் எறக்காதுங்க சாமி," என்றார் அப்பா. "எம் புள்ளை படிப்பு போச்சுங்க."

நான் பேனாவோடு நின்றேன். எழுத ஒரு வரியும் வரவில்லை. பசு ஈனக்குரலில் ஒருமுறை கத்தியது. கன்றின் குளம்பு நுனி வெளியே தெரிந்தது, மதராஸ் பக்கத்தில்.

மூணுகாப்பி விதிப் புத்தகத்தை மூடினார். வெற்றிலைப் பெட்டியோடு வெளியே ஓடிவந்தார். வெறுங்காலால் பழைய கோட்டைத் தேய்த்து அழித்தார். பசுவைச் சுற்றி ஓடி, அதன் வாலுக்குப் பின்னால், நாலு முழம் கிழக்கே, மண்டியிட்டு, கட்டைவிரலால் வெற்றிலைச் சுண்ணாம்பை வழித்து வழித்துத் தரையில் புதுக் கோடு இழுக்க ஆரம்பித்தார். பாதிக் கோட்டில் சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது.

"ராவுத்தரே! சுண்ணாம்பு!"

ராவுத்தர் கடையிலிருந்து டப்பாவோடு ஓடிவந்தார். மற்றப் பாதியை இரண்டு பேரும் தவழ்ந்தபடியே போட்டு முடித்தார்கள். கன்று நழுவி விழுந்தது.

"இங்கே பொறந்ததாக்கும்! உள்நாட்டு உற்பத்தி! தாள் வேண்டாம்!" என்று மூணுகாப்பி வானத்தைப் பார்த்துக் கத்தினார். கத்தியபடியே தம் மேல்துண்டால் கன்றின் மூக்கைத் துடைத்தார்.

நாலு முழம் நிலம் அன்று கேரளத்தோடு சேர்ந்தது. மதராஸ் சர்க்காரிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை.

நான் அந்த வருஷமே பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். மூணுகாப்பி ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். "பரிசோதனை" என்பார். கன்றின் காதை மடக்கிப் பார்ப்பார், கழுத்தைச் சொறிந்துவிடுவார், அம்மா கொடுக்கும் மோரைக் குடித்துவிட்டுப் போவார்.

"இந்தப் பரிசோதனைக்குச் சட்டம் உண்டுங்களா?" என்று ஒரு முறை கேட்டேன்.

"இல்லே," என்றார். "யார்கிட்டேயும் சொல்லாதே."

அடுத்த கோடையில் அவர் மலைப்பக்கம் அகளிக்கு மாற்றலாகிப் போனார். அதற்குப் பின் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அம்மா பழக்கத்தில் ஒரு டம்ளர் மோர் கூடுதலாக ஊற்றி வைத்துவிட்டாள். சாயங்காலம்வரை அதை எடுத்துக் குடிக்க எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை.