நான் அகலமாக்கிய முறுக்கு

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது "இது தெரியுமா?" என்று கேட்டால், கேள்வி முடிவதற்குள் "தெரியுமே" என்று வாய் சொல்லிவிடும். மூளை சாவகாசமாகப் பின்னால் வந்து, எதைத் தெரியும் என்றாய் என்று விசாரிக்கும். இன்று நவி மும்பை கோபர்கைரனேயில் ஓர் அலுவலகத்தில் பத்துப் பேரை வேலை வாங்குகிறேன். அப்படியும் இந்தப் பழக்கம் முழுதாகப் போகவில்லை. இருபத்திரண்டு வயதில் அது உச்சத்தில் இருந்தது. பி.காம் முடித்து, ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்து, அந்தச் சான்றிதழைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்த காலம். (சாமி படத்தைவிட ஃப்ரேம் பெரிது.)

தாராவியில் எங்கள் வீட்டு மாடியறைதான் அம்மாவின் முறுக்குக் கம்பெனி. கம்பெனி என்றால் இரண்டு பேர். அம்மா பேச்சியம்மாள், அப்பாவின் அக்கா சொர்ணம் அத்தை. இருவரும் கையால் சுற்றும் முறுக்கு, தட்டை, அதிரசம், முந்திரிக்கொத்து எல்லாம் மாட்டுங்காவில் ஒரே ஒரு கடைக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்தக் கட்டடத்தை இடிக்கிறார்கள் என்று கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டார். தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருந்தது. ஆர்டர் என்று சொல்ல ஒரு டப்பாகூட இல்லை.

அம்மா கணக்காகச் சொல்லிவிட்டாள். "இந்தத் தீவாளிக்கு ஒண்ணும் அமையலன்னா அடுப்ப வித்துருவோம். நான் கேன்டீன் வேலைக்குப் போறேன். மதினி, நீங்க நெருளுக்கு மவன் வீட்டுக்குப் போயிருங்க."

அத்தைக்கு முகம் தொங்கிவிட்டது. நெருளில் அவளுக்குத் தனி அறை உண்டு, ஏ.சி. உண்டு, டி.வி. உண்டு. ஒரு மருமகளும் உண்டு. வாரம் ஒரு முறை போனில் பேசினாலே இருவருக்கும் தலைவலி வரும். "அங்ஙன போயி நான் என்னத்தச் செய்ய? சோஃபாவுல கால வச்சா திட்டுதா, எடுத்தா எங்க போறியன்னு கேக்கா" என்றாள் அத்தை. சொல்லிவிட்டு மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னை வளர்த்ததில் பாதி அவள்.

மாட்டுங்கா கடைக்காரர் போகிற போக்கில் ஒரு புண்ணியம் செய்தார். செம்பூரில் ஒரு லலிதா மாமி, பண்டிகைப் பலகாரங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கி வெப்சைட் வழியாக ஆபீஸ்களுக்கு விற்கிறார். அவரிடம் அம்மாவின் நம்பரைக் கொடுத்திருந்தார். மாமி போன் செய்தபோது அம்மா கையெல்லாம் மாவு. நான்தான் எடுத்தேன்.

"உங்காத்துப் பலகாரம் நான் சாப்பிட்டிருக்கேன்டி குழந்தே, ரொம்ப நன்னா இருக்கும். ஒவ்வொண்ணையும் நன்னாப் படம் எடுத்து மெயில்ல அனுப்பு. பண்றவாளையும் ஒரு படம் எடு. வாட்ஸாப்ல வேண்டாம், மங்கிடறது. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்தா லிஸ்ட்ல போட்டுடுவேன். சைஸ் மட்டும் சின்னதா இருக்கணும், இல்லேன்னா சைட் திறக்கவே மாட்டேங்கறது. பண்ணத் தெரியுமோன்னோ?"

"தெரியுமே மாமி. ஹோ ஜாயேகா."

பம்பாயில் 'ஹோ ஜாயேகா' என்றால் ஆகிவிடும் என்று பொருள். யார் ஆக்குவார், எப்போது ஆக்குவார் என்பதெல்லாம் அதில் வராது.

அப்பாவின் கல்யாண வேட்டியைத் தரையில் விரித்து, அதன்மேல் பலகாரங்களை வைத்து, போனைப் படுக்க வைத்துப் பிடித்து எடுத்தேன். (அந்த எண்ணெய்க் கறை இன்றுவரை போகவில்லை. அப்பாவிடம் இன்றுவரை சொல்லவுமில்லை.) அம்மாவும் அத்தையும் பட்டுச் சேலை கட்டி, பாஸ்போர்ட்டுக்கு நிற்பது போல விறைப்பாக நின்றார்கள். மொத்தம் பதினான்கு படம். அத்தனையையும் ஒரே மெயிலில் ஏற்றி அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தது. ரொம்பப் பெரிது, போகாது என்றது மெயில்.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

"படம் பெரிசா இருக்காம். சின்னதாக்கணும்."

அத்தை உடனே தீர்ப்புச் சொன்னாள். "அப்போ தள்ளி நின்னு எடுட்டி. தூரத்துல இருந்து எடுத்தா சின்னதாத்தான் விழும்."

கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவள் நான். சிரித்துவிட்டு விளக்கம் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? மாடியறைக்குப் போகும் இரும்பு ஏணியில் நாலு படி ஏறி, மேலிருந்து எடுத்தேன். முறுக்கு என்னவோ சுண்டைக்காய் அளவுக்குத்தான் தெரிந்தது. படம் அதே ஐந்து எம்.பி. இறங்கும்போது முட்டியில் இடித்துக்கொண்டது மட்டும்தான் லாபம்.

அப்புறம் இணையத்தில் தேடி, படத்தைச் சின்னதாக்கும் ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்தேன். எவ்வளவு அகலம் என்று கேட்டது. சின்னது என்றால் நன்றாகவே சின்னதாக இருக்கட்டும் என்று நூற்றிருபது போட்டேன். பதினான்கு படமும் பறந்து போயின. கால் மணி நேரத்தில் மாமியின் போன்.

"என்னடி அனுப்பிச்சிருக்கே? முறுக்கா, எள்ளா? பூதக்கண்ணாடி வெச்சுண்டு பாத்தாலும் தெரியலே."

"சாம்பிளுக்கு அனுப்பினேன் மாமி" என்றேன் கூசாமல்.

"சரி, எழுதிக்கோ. அகலம் ஆயிரத்து இருநூறு, உயரம் அறுநூறு. ரெண்டும் அப்படியே இருக்கணும், எங்க சைட்ல அந்தக் கட்டம்தான். மேலயும் கீழயும் வேண்டாததை வெட்டிடு. தெரியுமோன்னோ?"

"தெரியுமே."

எனக்குப் படத்தை வெட்டத் தெரியாது. வெட்ட எதற்கு, எண்ணைப் போட்டால் தானாக ஆகிவிடாதா என்று நினைத்தேன். அகலம் 1200 போட்டேன். உயரம் தானாக 900 ஆனது. அதை அழித்து 600 போட்டேன். அகலம் 800க்கு இறங்கியது. திரும்ப 1200. திரும்ப 900. நானும் அதுவும் இப்படிப் பத்து நிமிடம் சண்டை போட்டோம். கடைசியில் இரண்டு எண்களுக்கும் நடுவே குட்டியாக ஒரு பூட்டுப் படம் இருப்பதைப் பார்த்தேன். தட்டினேன். பூட்டு திறந்துகொண்டது. அதன் பிறகு 1200 என்றால் 1200, 600 என்றால் 600. சொன்ன பேச்சைக் கேட்டது. நாட்டுக்கே சுதந்திரம் வாங்கிக் கொடுத்தவள் போல ஒரு பெருமிதம் வந்தது எனக்கு. பதினான்கையும் அப்படியே முடித்து அனுப்பினேன். எண்களைப் பார்த்தேனே தவிர, படத்தைப் பார்க்கவில்லை. எண் சரியாக இருந்தால் படம் சரியாக இருக்கும் என்பதுதான் நான் பி.காமில் கற்றுக்கொண்டது.

"இப்போ சைஸ் கரெக்ட்" என்று மாமியிடமிருந்து பதில் வந்தது. அன்று எங்கள் வீட்டில் எனக்குத் தனி மரியாதை. அம்மா எனக்கு டீயை டம்ளரில் ஊற்றாமல் கப்பில் கொடுத்தாள்.

நான்காம் நாள் மாமி மறுபடி கூப்பிட்டார். குரலில் உற்சாகம். "ஒரு ஆபீஸ்லேர்ந்து முந்நூறு பெட்டி கேக்கறா. உங்க முறுக்கு அவாளுக்கு ஏகமாப் பிடிச்சுப் போச்சு. அந்த நீள வாட்டத்துல இருக்கே, அதுதான் வேணுமாம். நம்ம பெட்டியும் நீளமோன்னோ, சம்முனு உக்காந்துக்கும். நீங்க எப்பவும் அப்படித்தான் சுத்துவேளா?"

நீள வாட்டமா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாய் மட்டும் தன் வேலையைச் செய்தது. "ஆமா மாமி. எங்க திருநெல்வேலிப் பக்கம் விசேஷத்துக்கு அப்படித்தான்."

"பேஷ். சனிக்கிழமை நானே வரேன். பண்றதைப் பாத்துட்டு ஆர்டரைக் கன்ஃபர்ம் பண்ணிடறேன்."

போனை வைத்துவிட்டு அந்த வெப்சைட்டைத் திறந்தேன். திறந்ததும் தலை சுற்றியது. வட்ட முறுக்கெல்லாம் இரண்டு பக்கமும் யாரோ பிடித்து இழுத்ததுபோல நீண்டு கிடந்தது. அதிரசம் செருப்பு மாதிரி இருந்தது. கடைசியில் அம்மாவும் அத்தையும். அம்மா ஏற்கெனவே நல்ல சரீரம். படத்தில் கதவை அடைத்துக்கொண்டு நின்றாள். குச்சி மாதிரி இருக்கும் அத்தை, தோளும் கன்னமுமாக, பண்ணையார் வீட்டு அம்மாள் போல இருந்தாள்.

மறைக்க வழியில்லை. லேப்டாப்பை அவர்கள் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி, நான் இம்புட்டா இருக்கேன்?"

"இல்லம்மா, அது நான் இழுத்தது."

"பெத்த தாய இழுத்து ஊரெல்லாம் காட்டியிருக்கியே, நீ நல்லாருப்பியாட்டி?"

அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தாள். அவள் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவியது. "இப்பத்தாம்ட்டி என்னைய ஒருத்தி ஒழுங்காப் படம் எடுத்துருக்கா. இத நெருளுக்கு அனுப்பு. நான் சாப்பிடாமக் கெடக்கேன்னு சொல்லிட்டுத் திரியுதால்லா, பாக்கட்டும்."

அனுப்பினேன். அந்த வீட்டிலிருந்து இரண்டு வாரம் போனே வரவில்லை.

சனிக்கிழமைக்கு மூன்று நாள். உண்மையை மாமியிடம் இப்போதே சொல்லிவிடலாம் என்றேன். அம்மா வேண்டாம் என்றாள். "முந்நூறு பொட்டிட்டி. சுத்திப் பாப்போம்." வட்டமாகச் சுற்றிவிட்டு இரண்டு பக்கமும் அமுக்கினாள். விரிசல் விட்டது. எண்ணெயில் போட்டதும் நாலாக உடைந்தது. முதல் நாள் முழுக்க உடைந்த முறுக்கைத்தான் தின்றோம். பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தோம். இரண்டாம் நாள் அவர்கள் கதவைத் திறக்கவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் அம்மா கையைக் கழுவிவிட்டு எழுந்தாள். "ஆவாது. விட்ருவோம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்டத் தெரியாது மாமி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், இந்தப் பாடு வந்திருக்காது என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னேன்.

அத்தை மட்டும் எழுந்திருக்கவில்லை. லேப்டாப்பைத் தரையில் இழுத்து வைத்து, மாவு விரலால் திரையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"பேச்சி, இங்கன வா. நடுவுல பாத்தியா? நாம புள்ளியில இருந்துல்லா தொடங்குதோம். இதுல புள்ளி இல்ல, கோடு இருக்கு. மொதல்ல ஒரு விரக்கடைக்கு நேரா இழுத்துட்டு, பொறவு அதச் சுத்தியே போவணும்."

சொல்லிக்கொண்டே சுற்றினாள். நேராக ஒரு கோடு, அதன் முனையில் திருப்பம், திரும்பி வருதல், மறுபடி திருப்பம். ஐந்து சுற்று. துணியில் போட்டு உலரவிட்டு, அம்மா தோசைத் திருப்பியால் அலுங்காமல் எடுத்து எண்ணெயில் விட்டாள். மூவரும் வாணலிக்கு மேல் குனிந்தோம். முறுக்கு ஒரு முறை புரண்டது, பொன்னிறமானது, முழுசாக மேலே வந்தது. அம்மா அதை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை லலிதா மாமி எங்கள் இரும்பு ஏணியில், "அம்பாளே, அம்பாளே" என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை கூப்பிட்டுக்கொண்டு ஏறி வந்தார். தட்டில் நீள முறுக்கு வரிசையாக இருந்தது. மாமிக்குத் திருப்தி. அப்புறம் பக்கத்துத் தட்டில் அதிரசத்தைப் பார்த்தார். அது சுத்த வட்டம். தட்டை, அதுவும் வட்டம். அம்மாவைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். போனை எடுத்து வெப்சைட்டைப் பார்த்தார். மறுபடி அத்தையைப் பார்த்தார்.

"படத்துல இருக்கறவா ஆத்துல இல்லையா?"

"நாந்தான் அது" என்றாள் அத்தை.

மாமி என் பக்கம் திரும்பினார். "ஏன்டி குழந்தே, நீ வெட்டினியா, இழுத்தியா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. "எனக்கு வெட்டத் தெரியாது மாமி." அதோடு நிற்கவில்லை. பூட்டு, ஏணி, திருநெல்வேலி விசேஷம், உடைந்த முறுக்கு எல்லாவற்றையும் கொட்டினேன். ஆர்டர் போயிற்று, அத்தை நெருளுக்குப் போகப்போகிறாள் என்று நினைத்தேன். அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையையே பார்த்தாள்.

மாமி பையிலிருந்து நீள அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்தார். ஒரு முறுக்கை உள்ளே வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. பெட்டியைக் குலுக்கிப் பார்த்தார். சத்தமே இல்லை. பிறகு அதையே எடுத்து ஒரு கடி கடித்தார்.

"வட்ட முறுக்கு எல்லாப் பெட்டியிலயும் ஆடி ஆடிப் பாதி வழியிலயே உடைஞ்சுடும். மூணு வருஷமா இதே ரோதனை" என்றார், மென்றுகொண்டே. "முந்நூறு பெட்டியும் நீங்கதான் பண்றேள். நீ நாளைக்குச் செம்பூருக்கு வா, வெட்டச் சொல்லித் தரேன். அதிரசத்தை மட்டும் முதல்ல மாத்து, பாக்கச் சகிக்கலே. இவா படத்தையும் மாத்திடு."

அம்மா படம் மறுநாளே மாறியது. அத்தை மட்டும் மாற்ற விடவில்லை. படத்தில் அவள் நின்ற பாதியைத் தனியே வெட்டிப் போட வேண்டியதாயிற்று. (வெட்டக் கற்றுக்கொண்டதும் நான் செய்த முதல் வேலை அதுதான்.) பத்து வருஷமாகிறது; அத்தை நெருளுக்குக் கல்யாணம் காட்சி என்றால் மட்டும் போய்விட்டு அன்றைக்கே திரும்புகிறாள். மாடியறையில் இப்போது எட்டுப் பேர் நீள முறுக்கு சுற்றுகிறார்கள். புதிதாக ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் ஏணியேறி வந்து, போனையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, படத்தில் இருக்கும் அந்தம்மா எங்கே என்று கேட்பார்கள். நாங்கள் எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்துகொள்வோம்.

அத்தை சுற்றுவதை நிறுத்தாமலே சொல்வாள்: "நாந்தாம்யா அது. ஆர்டர் சாஸ்தியாப் போச்சுல்லா, இளைச்சிட்டேன்."