தாய்மாமன் சீரும் பாடாத ஸ்பீக்கரும்

கஷ்டமான கேள்விக்குத்தான் மார்க் அதிகம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன நான் அங்கே கற்றுக்கொண்ட ஒரே தத்துவம் இதுதான். (மற்றதெல்லாம் அரியர்.)

அதனால், "சாதாரண ஆம்ப்ளிஃபயருக்கு மசியாத ஸ்பீக்கர்தான் அருமையாகப் பாடும்" என்று யாரோ இணையத்தில் எழுதியதை அப்படியே நம்பிவிட்டேன். திருச்சியில் பழையதாக ஒரு ஜோடி வாங்கினேன். ஒவ்வொன்றும் பீரோ கனம். ஆம்ப்ளிஃபயர் மட்டும் வீட்டில் கிடந்த சாதாரணமானது. பெரம்பலூரில் நாங்கள் கட்டிய வீட்டின் கிரகப்பிரவேசத்துக்கு அப்பா சொல்லி வைத்திருந்த ரேடியோ செட்டையும் வேண்டாமென்று நிறுத்தினேன்.

"குழாய் ஸ்பீக்கரு கட்டுனாத்தாண்டா நாலு தெருவுக்குக் கேக்கும்" என்றார் அப்பா.

"அது சத்தம்ப்பா. இது இசை." (இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.)

அன்றைக்கு முக்கிய வரவு வாலிகண்டபுரத்து மாமா, அம்மாவின் அண்ணன். அப்பாவோடு வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்தியிருந்தவர், அம்மா அழுததால் சீர் கொண்டுவரச் சம்மதித்திருந்தார். சீர் வாசலுக்கு வந்ததும் மைக்கில் பெயர் சொல்லி வரவேற்க வேண்டும். பெயர் ஊருக்குக் கேட்டால்தான் அது சீர்.

முதலில் வந்த சித்தப்பாவின் பெயரை ஸ்பீக்கர் முனகலாகச் சொல்லித் தீர்த்தது. மாமா மேளத்தோடு வந்தார். மேளத்தை மீறிக் கேட்கட்டுமென்று வால்யூமை முழுசாகத் திருகினேன்.

"வாலிகண்டபுரம் தாய்மாமன்..."

டக். ஆம்ப்ளிஃபயர் உயிரை விட்டது. கருகல் வாடைதான் நாலு தெருவுக்குப் போனது.

"உங்க சித்தப்பன் பேரு முழுசா வந்துச்சு. என் பேருக்கு மட்டும் அணைச்சுட்டீங்களா?"

"இல்லீங்க மாமா. இது பாட வைக்கக் கஷ்டமான ஸ்பீக்கரு. அதான் சவுண்டு உசத்தி."

"எங்கடா சவுண்டு?"

தட்டுகளோடு திரும்பிவிட்டார். மேளக்காரர்களும் வாசித்துக்கொண்டே பின்னால் போனார்கள். (எந்த ஒயரும் இல்லாமல் சிறுவாச்சூர் வரை கேட்டிருக்கும்.)

அம்மா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

"அண்ணே! வாலிகண்டபுரம் செல்வராசு அண்ணே! பொறந்த வூட்டு சீரு உள்ள வராம நான் பால் காய்ச்ச மாட்டேன்!"

எதிர் வீட்டு ஜன்னல்கள் திறந்தன. மேளம் நின்றது. மாமாவும் நின்றார்.

"முக்குக் கடைக்குக் கேட்டுருக்காது. இன்னொருக்கா சொல்லு" என்றார்.

அந்த ஸ்பீக்கர் நிஜமாகவே நன்றாகப் பாடுமா? எனக்கு இன்றுவரை தெரியாது. அதைப் பாட வைக்கிற ஆம்ப்ளிஃபயரை வாங்க என் சம்பளம் போதாது. இப்போது ஒன்றின் மேல் மிக்ஸி, இன்னொன்றின் மேல் தண்ணீர்க் குடம்.

போன தையில் எனக்கு நிச்சயதார்த்தம். மாமா சீரோடு வந்தார். பழத்தட்டுக்கும் முன்னால், முதல் தட்டில், மாலை போட்ட ஒரு குழாய் ஸ்பீக்கர். "மாப்ள, நீங்க சிரமப்படாதீங்க" என்று மைக்கை எடுத்துத் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டார்.

"இது என்ன சீருங்க?" என்று பெண் வீட்டார் விழித்தார்கள்.

அம்மா முகம் மாறாமல் சொன்னாள்: "எங்க பக்கத்து வழக்கம்ங்க. புள்ள படிச்சிருந்தா இதையும் வைக்கணும்."