தீர்ந்துபோன கேள்வி

தோற்றதை ஒப்புக்கொள்ளாத ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. நீதிமன்றத் தீர்ப்பு நமக்கு முடிவு. இவர்களுக்கு அது நீதிபதியின் சொந்த அபிப்பிராயம். காக்ஸ் டவுன் சந்தானத்தைப் பாருங்கள்.

அவர் வீட்டுக்கும் அடுத்த வீட்டு பியாட்ரிஸ் டீச்சர் வீட்டுக்கும் நடுவே மூன்றடிச் சந்து. அது தன்னுடையது, டீச்சர் அதில் கால் வைக்கக் கூடாது என்று 1992-இல் வழக்குப் போட்டவர் சந்தானமேதான். இரு தரப்புப் பத்திரங்களையும் படித்து, சாட்சிகளை விசாரித்து, சர்வேயரை அனுப்பி அளந்து, மூன்று வருஷம் கழித்து நீதிபதி சொன்னார்: சந்து டீச்சருடையது. தொண்ணூறு நாளைக்குள் அப்பீல் செய்திருக்கலாம். அந்தத் தொண்ணூறு நாளையும் சந்தானம், தீர்ப்பு எப்படித் தப்பு என்று பால் பூத் வரிசைக்கு விளக்குவதில் செலவழித்தார்.

பிறகாவது அடங்கினாரா? மகன் ஹரிஷுக்குக் கல்யாணமானதும் மாடி எழுப்பி, மாடிப்படியை அந்தச் சந்திலேயே இறக்கினார். படியை இடிக்கச் சொல்லி டீச்சர் கோர்ட்டுக்குப் போனார். சந்தானத்துக்கு உள்ளூர ஆனந்தம். எல்லாவற்றையும் முதலிலிருந்து வாதாடலாமே! பரணில் தேடிக் கண்டெடுத்த பழைய வரைபடத்தோடு வக்கீல் சாமிநாதன் முன் போய் உட்கார்ந்தார். வக்கீல் அதைப் பிரிக்கவே இல்லை.

"சந்து யாரோடதுன்னு கோர்ட் தீர்த்தாச்சு சார். அதைத் திரும்பக் கிளப்ப முடியாது."

"அது சந்து கேஸ். இது படி கேஸ். வேற வேற இல்லையா?"

"கேஸ் வேறதான். கேள்வி ஒண்ணுதானே? அதே ரெண்டு பேரு, அதே கேள்வி. ஒரு தடவை விசாரிச்சு முடிச்சா முடிஞ்சது."

"அந்தத் தீர்ப்பே தப்புன்னா?"

"அதை அப்பீல்ல சொல்லியிருக்கணும். பால் பூத்துல சொல்லிட்டீங்க."

நீதிபதியும் ஏறக்குறைய அதையே சொன்னார். விசாரிக்க மிஞ்சியது ஒன்றுதான்: படி சந்தில் நிற்கிறதா? நின்றது. இரண்டு மாதத்தில் இடிக்க உத்தரவு. 1992-இல் வாயை மூடிக்கொண்டிருந்தால் இப்போது வாதாடவாவது வழியிருந்திருக்கும். அந்த வழியைத் தன் கையாலேயே அடைத்துக்கொண்டார் மனிதர்.

படி இடிந்த அன்று டீச்சர் வெளியே தலைகாட்டவில்லை. வந்து சிரித்திருந்தால்கூட சந்தானத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும். முந்தின நாளே மாடியிலிருந்து இறங்கிவிட்ட மருமகள் வைஷ்ணவி, ஏழு மாத வயிற்றோடு கூடத்தில் படுக்கை விரித்திருந்தாள். சந்தானத்தின் மனைவி மங்களம், கொத்தனாரை அழைத்து, கணவரின் சாய்வு நாற்காலி கிடந்த மூலையைக் காட்டினாள்.

"இங்க உள்ளயே படி வெச்சிடுங்க."

"என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?" என்றார் சந்தானம்.

"உங்களைக் கேட்டுக் கட்டினதைத்தான் இப்ப இடிச்சாங்க."

அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். மணல் சலித்துக்கொண்டிருந்த சித்தாளிடம், அந்தச் சந்து நியாயமாக யாருடையது என்று விளக்கத் தொடங்கினார்.

இவ்வளவையும் படித்த பிறகு, "அது சரி, உண்மையில் சந்து யாருடையதுதான்?" என்று உங்களுக்கும் ஒரு நமைச்சல் எழுகிறதா? அப்படியானால் நீங்கள் எந்த இனம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். எப்போதோ தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள். அப்பீலுக்கான கெடுவும் தாண்டியிருக்கும்.